நாற்பது கைகளில் என் கயிறு

நான் அடிமுட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படும் வேலையை உங்களுக்கு வைக்க விருப்பமில்லை. ஒழுங்காகப் பொய் சொல்லக்கூட ஒரு புத்தி வேண்டும்; எனக்கு அதுவும் கிடையாது. கையில் சாதிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வெறுப்புக்கு எதிரான பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்று, பாதி புரியாத மொழியில், சுருதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குரலில் ஒரு வருடமாக மனித ஒற்றுமையைப் பாடிவந்தவன் நான். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கயிற்றை நாற்பது ஜெர்மன்காரர்களின் கையிலும் ஏற்றிவிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து எத்தனையோ பேர் வெளிநாடு போயிருக்கிறார்கள். இந்தச் சாதனையை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அட்டைப்பெட்டி ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன், பதினோரு வருடமாகிறது. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் கிழமை உண்டு. காகிதக் குப்பைக்கு ஒரு கிழமை, மக்கும் குப்பைக்கு ஒரு கிழமை, வெறுப்புக்குத் திங்கட்கிழமை. மாலை சரியாக ஆறு மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில் கொடியோடு கூடி, என்னைப் போன்றவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கத்துவார்கள். ஏழரைக்குக் கலைவார்கள். போகும்போது, ஒரு வண்டிகூட வராத சாலையில் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்று, பச்சை விழுந்த பிறகுதான் கடப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது பயத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கலவரக்காரன் சிக்னலுக்கு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் மயங்கி விழுந்துவிடுவார்.

அந்தக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பாடுவதுதான் எங்கள் குழுவின் வேலை. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நூலகத்து மாடியில் பயிற்சி. நடத்துபவர் ஃப்ராவ் கெர்டா, நம் வழக்கில் கெர்டா அம்மா. ஓய்வுபெற்ற இசை ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர், யார் எங்கே சுருதி விலகினாலும் கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர். என்னைப் பெரும்பாலும் அப்படித்தான் பார்ப்பார். பயிற்சி முடிந்ததும் சூடாகப் பூசணிக்காய் சூப் கொடுப்பார்கள். நான் சேர்ந்தது சூப்புக்காக. கொள்கைக்காகச் சேர்ந்ததாக ஊரில் சொல்லியிருக்கிறேன். "உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று கெர்டா முதல் நாள் சொன்னபோது புல்லரித்துப்போனேன். பாடும்போது மூன்றாம் வரிசையிலும், போட்டோ எடுக்கும்போது முதல் வரிசையிலும் நிறுத்தினார்கள். அவர் சொன்ன 'குரல்' என் தொண்டையில் இல்லை, தோலில் இருந்தது என்பது புரிய ஆறு மாதம் ஆயிற்று.

போன வசந்தத்தில் ஒரு பயிற்சியின்போது புழுக்கமாக இருந்ததால் சட்டைக் கையை மடித்துவிட்டேன். கெர்டாவின் கண் என் மணிக்கட்டுக்குப் போயிற்று. இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிறு. "எவ்வளவு அழகு! ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட்ஸ்பாண்டா?" என்று கேட்டார். நட்புக் கயிறா என்பதைத்தான் இவர்கள் இத்தனை நீளமாகக் கேட்பார்கள்.

'யா' என்றேன்.

அந்த ஒரு எழுத்தில்தான் எல்லாம் தொடங்கியது. சாதி என்பதை ஜெர்மனில் விளக்க எனக்கு இலக்கணம் போதாது என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழில் கேட்டிருந்தால் மட்டும் விளக்கியிருப்பேனா என்ன?

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கயிற்றை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிறு அது. இன்ன சாதிக்கு இன்ன நிறம். பேரைக் கேட்க வேண்டாம், ஊரைக் கேட்க வேண்டாம், தெருவைக் கேட்க வேண்டாம். கையைப் பார்த்தால் போதும், யாரோடு பேசலாம், யாரை அடிக்கலாம் என்று தெரிந்துவிடும். கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தால் முழங்கைக்கு மேலே ஏறிக்கொள்ளும். அங்கேயும் தேடினால் சைக்கிள் கைப்பிடிக்கு இறங்கும். என் கயிறு என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நான் இன்னார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். இதற்குள் உங்களில் பாதிப்பேர் ஊகிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அந்த அரிப்பு எனக்கும் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் அதைக் கட்டியது ஒன்பதாம் வகுப்பில். அதுவரை இரண்டாவது பெஞ்சில் நானும் இசக்கிராஜும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் வேறு தெரு. எங்கள் குல சாமிக்குக் கொடைத் திருவிழா முடிந்த திங்கட்கிழமை, கையில் கயிறோடு போய்க் கடைசி பெஞ்சில் என் நிறத்துக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டேன். இடைவேளையில் இசக்கி வந்தான்.

"ஏன்லே எடம் மாறிட்ட?"

"போர்டு சரியாத் தெரியலலே."

"கடைசி பெஞ்சுலயா போர்டு நல்லாத் தெரியுது?"

அன்றைக்கும் என் பொய்யில் இதே தரம்தான் இருந்தது. அவன் வேறொன்றும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை இரண்டாவது பெஞ்சில் அவனுக்குப் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. நான் கடைசியிலிருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே படித்தேன். அதனால்தான் கணக்கில் அவ்வளவு மோசமான மதிப்பெண்.

அந்த இசக்கி இன்றைக்குச் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். போன வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என்னைக் கட்டாயப்படுத்தி வகுப்புக்குக் கூட்டிப்போனான். அங்கே சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் நூலை ஒட்டியே செய்த படம்: கோபுரம், பஸ் ஸ்டாண்டு, விசைத்தறிக் கொட்டகைகள், கழுகுமலைப் பக்கம் போகிற சாலை. அத்தனையும் பிள்ளைகள் அவிழ்த்துக் கொடுத்த கயிறுகள். கயிற்றைக் கழற்று என்று அவன் ஒரு பிள்ளையையும் அதட்டியதில்லை. "படத்துக்கு வானம் பத்தலடா, யாருட்டயாவது இந்தக் கலர் இருக்கா?" என்று கேட்பான், அவ்வளவுதான். தறி ஓடுகிற ஊர்ப் பிள்ளைகள். முறுக்கு நூலைப் பிரிக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிரித்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சாதியின் நிறம் இன்னொரு சாதியின் நிறத்துக்குப் பக்கத்தில் மேகமாகவும் மாட்டுவண்டியாகவும் படுத்துக்கிடந்தது. ஒரு வருட வேலை.

வெள்ளிக்கிழமை தோறும் கொட்டும் உண்டு. பறை, தவில், உறுமி என்று நாலைந்து வாத்தியங்கள். எந்த வாத்தியத்தை எந்தத் தெருக்காரன் தொட வேண்டும், எவன் தொடவே கூடாது என்று எங்கள் ஊரில் எழுதாத சட்டம் இருக்கிறது. இசக்கி சீட்டுக் குலுக்கிப் போட்டான். சீட்டில் வந்ததை அடிக்க வேண்டும். எனக்கும் ஒரு சீட்டு எடுத்தார்கள். பறை வந்தது. நான் அடித்த அடியில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "சார், அது அழுவுது சார்" என்றது ஒரு பெண்பிள்ளை.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் நல்ல தூரிகைகளும் வண்ணங்களும் அனுப்பிவைப்பதாகப் பெருந்தன்மையோடு சொன்னேன். இசக்கி என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தான்.

"கலரெல்லாம் இங்கனயே கெடைக்கி. ஒன் கயித்தத் தாயேன். சாலையில ஒரு சாண் கொறையுது."

"அம்மா கட்டிவிட்டதுலே. அறுத்தா சங்கடப்படுவா."

"சரி, சரி. போர்டு தெரியலன்னு சொல்லாம விட்டியே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் கழித்தும் அவன் மறக்கவில்லை என்பது ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் உறைத்தது. இதே நான்தான் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில், "எங்கள் ஊர்ச் சாமியே பாதி சிவன், பாதி பெருமாள், அங்கே சண்டைக்கு இடமே இல்லை" என்று பேசிக் கைதட்டு வாங்கியவன்.

இப்போது மறுபடி 'யா'வுக்கு வருகிறேன். கோடைக் கச்சேரிக்கு முந்திய பயிற்சியில் கெர்டா ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். எங்கள் ஆலையில் செய்த பெட்டி. அதுதான் இன்னும் கேவலம். உள்ளே நாற்பது கயிறுகள். என் கயிற்றின் அதே இரண்டு நிறம், அதே முறுக்கு. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கியிருக்கிறார். "நம் இந்திய நண்பரின் ஊரிலிருந்து நட்பின் அடையாளம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். சூப் ஆறிவிடும் என்று தோன்றியது.

கச்சேரியில் அந்த நாற்பது பேரும் நானும் கையை உயர்த்திப் பாடினோம். போட்டோ உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. நான் முதல் வரிசை. அந்தப் படத்தை எங்கள் சொந்தக்கார வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். பேப்பரில் படம் வந்தவன் போடாமல் இருப்பானா? என் சித்தப்பா மகன் மணி ஐந்து நிமிடத்தில் எழுதினான்: "அண்ணே, ஜெர்மனியவே நம்ம ஆளாக்கிட்டியளே!" பின்னால் வாள், நெருப்பு, சிங்கம் என்று பொம்மைகள் வரிசையாக இறங்கின. "வெள்ளக்காரனுக்குத் தெரியுது நம்ம அரும, இங்கன உள்ளவனுக்குத் தெரியல" என்றார் ஒரு பெரியப்பா. நான் என்ன செய்தேன்? கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன். ஒரு மணி நேரம் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளுகுளுப்பை இப்போது நினைத்தால், செருப்பில்லாமல் எதையோ மிதித்துவிட்டதுபோலக் கால் கூசுகிறது.

பத்தாம் நாள், ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இசக்கியிடமிருந்து ஒரு படம் வந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஃபிளக்ஸ் போர்டு. கொடைக்கு வைத்தது. நாற்பது ஜெர்மன்காரர்கள் கயிறு கட்டிய கையை உயர்த்தி நிற்கிறார்கள். 'கடல் கடந்த குலப்பெருமை' என்று மேலே. ஓரத்தில் என் தலையை மட்டும் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். உடம்பு பழைய அளவுதான். கெர்டாவின் தோளுக்கு மேலே ஒரு சிங்கம் பாய்ந்துகொண்டிருந்தது. அவரும் அதைக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பதுபோலவே இருந்தது.

நான் அழைப்பதற்குள் அவனே அழைத்துவிட்டான்.

"என்னலே, ஜெர்மன்காரன் பூரா ஒங்க ஆளாயிட்டான் போல?"

"லேய், அது வேற விசயம்லே. அந்தம்மா தெரியாம..."

"அந்தம்மாவுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா?"

மீதியை அவனே சொன்னான். ஃபிளக்ஸ் வந்த மறுநாள் எங்கள் நிறத்துப் பிள்ளைகள் சில வந்து, "சார், எங்க கயித்தத் தாங்க" என்று பலகையிலிருந்து உரித்திருக்கின்றன. அதைப் பார்த்து மற்ற நிறத்துப் பிள்ளைகளும் உரித்திருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை கொட்டுக்குச் சீட்டு எடுக்க ஒருவரும் வரவில்லை. இரண்டு தகப்பன்மார் தலைமையாசிரியரிடம் போய், எங்கள் பிள்ளை பறையைத் தொட்டதா என்று கேட்டிருக்கிறார்கள்.

"லீவு முடிஞ்சு வாரதுக்குள்ள பலகையக் கழட்டிரும்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு. அவரும் மோசமான ஆளு இல்ல. 'ஒங்க சொல்லு எடுபடாது வே. அந்தத் தெருக்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்தப் போட்டோ தப்புன்னு வாயத் தொறந்தா நான் நிக்கேன்'ங்காரு."

"நான் வீடியோ பேசி அனுப்பட்டாலே? பிள்ளைகளுக்கு. கெர்டா அம்மாவயும் ரெண்டு வார்த்த பேச வைக்கேன். பாட்டு ஒண்ணும் சேத்து..."

"எம் பிள்ளைகளுக்கு எதுக்குப் பேசுத? ஃபிளக்ஸ் வச்சது எம் பிள்ளைகளா?" என்றான். "பெல் அடிச்சிட்டு. வைக்கேன்."

உரித்த பலகையின் படத்தையும் அனுப்பியிருந்தான். கோபுரம் பாதி நின்றது. வானம் இருந்த இடத்தில் பசைக் கறை. சாலை முழுக்கப் போய்விட்டது.

மணியைக் கூப்பிட்டேன். "அந்தப் போர்ட கழட்டுறியாலே?" என்றேன்.

"ஏண்ணே? நீங்கதான போட்டோ போட்டிய? பெருமையாத்தான இருக்கு?" அதே மூச்சில், "பெரியம்மாக்கு மாத்திர வாங்கிக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் கண்ணாஸ்பத்திரிக்கும் நாந்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். அவளுக்குக் கையும் காலும் மணிதான். அவன் நல்லவன், அதுதான் இதில் சகிக்க முடியாத விஷயம். வெறுப்பவன் முகம் கோரமாக இருந்தால் எவ்வளவு வசதி! இவன் என் அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான்.

"சும்மாதான்லே கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய், பயிற்சிக்கு முன்னால் நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. வெறுப்புக் கும்பல்கள் தங்களுக்குள் அடையாளம் காட்டிக்கொள்ளும் குறிகளைப் பற்றி கெர்டா பேசினார். நாற்காலி போட ஆள் வேண்டும் என்று என்னை வரச்சொல்லியிருந்தார். சில எண்கள், சில படங்கள், பிறகு திரையில் ஒரு கறுப்புப் பூட்ஸ். அதில் கட்டியிருந்த கயிற்றைக் குச்சியால் தட்டிக் காட்டினார். இன்ன நிறத்துக் கயிறென்றால் இன்ன கூட்டத்தான் என்று சிலர் வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு நாற்காலி கைநழுவிக் காலில் விழுந்தது. இவர்களுக்குமா கயிறு! பத்து மணி நேரம் விமானத்தில் பறந்து வந்து, விசாவுக்கு வரிசையில் நின்று, மேசையை ஆண் என்றும் விளக்கைப் பெண் என்றும் சொல்கிற மொழியைப் படித்து நான் வந்து சேர்ந்தது இந்த இடத்துக்கா? அங்கே கையில் கட்டுவதை இங்கே காலில் கட்டுகிறார்கள்.

ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "ஒருவேளை அந்த நிறம் பிடித்ததால் மட்டும் கட்டியிருந்தால்?"

"இருக்கலாம்" என்றார் கெர்டா. "அப்படியானால் மாற்றச் சொல்லுங்கள். முடிகிறதா பாருங்கள்."

நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

பிள்ளைகள் போன பிறகு, சூப்புச் சட்டியை மேசையில் வைத்துக்கொண்டிருந்த அவரிடம் போனேன். "ஃப்ராவ் கெர்டா, இது நட்புக் கயிறு இல்லை" என்றேன்.

"பிறகு?"

எனக்கு இலக்கணம் போதவில்லை. திரையில் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்த பூட்ஸைக் காட்டினேன். "அது" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அவருடைய மணிக்கட்டில் அது இன்னும் இருந்தது. பேரன் கேட்டும் கழற்றாமல் வைத்திருப்பதாகப் போன வாரம்தான் சொல்லியிருந்தார். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினேன்: பெஞ்சு, பலகை, ஃபிளக்ஸ், சிங்கம். சிங்கத்துக்கு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாற்பது" என்றார். "நாற்பது முறுக்கினேன். என் விரல் இன்னும் வலிக்கிறது. பெட்டியைத் திறந்த அன்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தீர்கள்."

சமையல் மேடையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் கயிற்றை வெட்டினார். அதைத் தொட விருப்பமில்லாதவர்போல, பூசணித் தோலோடு சேர்த்து மக்கும் குப்பையில் போட்டார். பிறகு கத்தரிக்கோலைத் திருப்பி, பிடி என் பக்கமாக இருக்கும்படி நீட்டினார்.

வெட்டினேன். அம்மா கட்டியது என்ற ஞாபகம் வந்தது. கூடவே, அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்துக் கட்டச்சொன்னவன் மணி என்பதும். பதினோரு வருடத்தில் கயிறு பலமுறை மாறியிருக்கிறது. ஆனால் ஒரு நாளும் கை சும்மா இருந்ததில்லை. அது இருந்த இடத்தில் தோல் வேறு நிறமாக, வெளிறிய வளையமாகக் கிடந்தது. என் நிறமும் இல்லை, இவர்கள் நிறமும் இல்லை. எந்த ஊர் வெயிலும் படாமல் அந்த ஒரு விரற்கடை மட்டும் தனியாக இருந்திருக்கிறது. இங்கே திங்கட்கிழமைக் கூட்டத்துக்காரன் என் கையில் பார்ப்பது மிச்சத் தோலை. எங்கள் ஊரில் பார்ப்பது இந்த வளையத்தை. கயிறு இல்லாவிட்டாலும் தடம் போதும், கண்டுபிடித்துவிடுவார்கள்.

இருந்தாலும் எனக்குப் பெருமை பொங்கிவிட்டது, என்ன செய்ய, பிறவிக் குணம். வெறுங்கையை மேசையில் வைத்து, பக்கத்தில் அறுந்த கயிற்றையும் கத்தரிக்கோலையும் அழகாக அடுக்கி, வெளிச்சம் பார்த்து மூன்று போட்டோ எடுத்தேன். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து இசக்கிக்கு அனுப்பினேன். கீழே, "சாலைக்குக் குறைஞ்ச ஒரு சாண் கிடைச்சிட்டுலே" என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அவன் தட்டச்சு செய்வது தெரிந்தது, நின்றது, மறுபடி தெரிந்தது. கண் கலங்கி நீளமாக ஏதோ எழுதுகிறான் என்று நான் சூப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"எனக்கு எதுக்குலே அனுப்புத? ஒங்க குரூப்புல போடு."